ஒற்றைத் தலைவலி: சிகிச்சை, உரிமை, ஆய்வு நிதி

ஒற்றைத் தலைவலி என்பது மூளை நரம்புகளில் உண்டாகும் நோய். தலை வலிப்பது அதன் அறிகுறிகளில் ஒன்றுதான். பித்தம், சைனஸ், கண் கோளாறு, மனக்கவலை, வேலைக்குப் போக மனமில்லாத சாக்கு என்று பல பெயர்களில் அது ஒதுக்கப்படுகிறது. உலகில் நூறு கோடிக்கும் அதிகமானோருக்கு இந்நோய் இருக்கிறது. மனிதரின் அன்றாட வாழ்வை முடக்கும் நோய்களைப் பட்டியலிட்ட உலகளாவிய நோய்ச்சுமைக் கணக்கெடுப்பு இதை இரண்டாம் இடத்தில் வைத்தது. ஐம்பது வயதுக்குட்பட்ட பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் முதலிடம். உயிரை நேரடியாகப் பறிப்பதில்லை என்பதாலேயே மருத்துவத் திட்டங்களிலும் ஆய்வு நிதியிலும் இதற்குக் கடைசி வரிசை கிடைக்கிறது.

நோய் எப்படி வருகிறது

ஒரு தாக்குதல் பெரும்பாலும் நான்கு கட்டங்களாக வரும். முதல் நாளே கொட்டாவி, கழுத்து இறுக்கம், எரிச்சல், இனிப்பின் மீது ஆசை போன்றவை தலைகாட்டலாம். சிலருக்கு அடுத்ததாகக் கண்முன் மின்னல் கோடுகள், வளைந்து நெளியும் ஒளி, கை விரல்களில் மரமரப்பு ஆகியவை தோன்றும். ஐந்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை நீடிக்கும் இதை மருத்துவர்கள் 'ஆரா' என்பார்கள். மூன்றாவதாக வலி வரும். மருந்து எடுக்காவிட்டால் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை அது நிற்கும். வலி விட்ட பிறகும் ஒரு நாள் முழுக்க உடல் அடித்துப் போட்டதுபோல் இருப்பது நான்காம் கட்டம்.

நோயை உறுதிசெய்ய ஸ்கேன் பெரும்பாலும் தேவைப்படாது. நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்டாலே போதும். ஒரு பக்கமாக வலிப்பது, நாடித் துடிப்போடு சேர்ந்து விண்விண்ணென்று தெறிப்பது, வேலையைத் தொடர விடாத கடுமை, நடந்தாலோ குனிந்தாலோ கூடுவது ஆகிய நான்கில் இரண்டு இருக்க வேண்டும். அத்துடன் குமட்டல் அல்லது வாந்தி, இல்லையென்றால் வெளிச்சமும் சத்தமும் தாங்காமை இருக்க வேண்டும். இப்படி ஐந்து முறையாவது வந்திருந்தால், வேறு நோய் காரணமில்லை என்று பார்த்துவிட்டு, மருத்துவர் இதை ஒற்றைத் தலைவலி என்று முடிவு செய்யலாம். இரு பக்கமும் வலித்தாலும் இந்நோயாக இருக்கலாம். பிள்ளைகளுக்கு வலி குறைந்த நேரமே நிற்கும். சிலருக்குத் தலைவலியைவிட வயிற்றுவலியும் வாந்தியுமே முன்னால் நிற்கும்.

பருவமடையும் வயதுக்குப் பிறகு, ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இந்நோய் வருகிறது. மாதவிலக்கை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் அளவு இறங்குவது முக்கியக் காரணம். பரம்பரைக்கும் பங்கு உண்டு: தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது.

கரிசல் காட்டில் தூண்டும் காரணங்கள்

நோய் உடலிலேயே இருக்கிறது; தாக்குதலைக் கிளப்பிவிடுவது வெளிக்காரணம். வேளை தவறிய சாப்பாடு, தூக்கக் குறைவு, தண்ணீர் குடிக்காமல் இருப்பது, கூசும் வெயில், கடும் வாசனை, விடாத இரைச்சல் ஆகியவை பரவலாகக் காணப்படும் தூண்டுகோல்கள். தென்காசி மாவட்டத்தின் குருவிகுளம் ஒன்றியத்தில் இவை அன்றாட வாழ்வோடு பின்னிக் கிடக்கின்றன.

மானாவாரிக் கரிசல் நிலத்தில் பருத்தி எடுக்கவும் உளுந்து, மக்காச்சோளம் அறுக்கவும் போகும் பெண்கள் காலை ஆகாரத்தை ஒத்திப்போட்டுவிட்டு நிழலில்லாத காட்டில் குனிந்து நிற்கிறார்கள். ஒதுங்க இடமில்லாததால் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. இந்த வட்டாரத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களில் எண்ணிக்கைக் கூலி என்பதால் சாப்பாட்டு நேரம் சுருங்குகிறது. தீக்குச்சி மருந்தின் வாசனையும் சேர்ந்துகொள்கிறது. சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடங்களில் இரைச்சலும் இரவு ஷிப்ட்டும் இருக்கின்றன. ஆடித்தபசு போன்ற விழாக்களில் விரதத்தோடு வெயிலில் நெடுநேரம் நிற்பவருக்கும் தாக்குதல் வரக்கூடும். வேலையையும் விரதத்தையும் விட்டுவிட முடியாது. ஆனால் வேளைக்கு ஒரு வாய் கஞ்சி, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், தலையில் துண்டு அல்லது தொப்பி, ஒரே நேரத்தில் படுத்து எழும் பழக்கம் ஆகியவற்றால் தாக்குதல்களின் எண்ணிக்கையைக் குறைக்க முடியும்.

மாத்திரையே நோயாகும்போது

இந்நோயில் பெரிய ஆபத்து, கேட்பாரின்றி விழுங்கப்படும் வலி மாத்திரைதான். பெட்டிக்கடையில் சில்லறைக்குக் கிடைக்கும் மாத்திரையும், மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோபினாக்கும் ஒரு நாள் வலியை அடக்கும். மாதத்தில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரை எடுத்தாலும், பத்து நாளோ அதற்கு மேலோ காஃபின் போன்றவை கலந்த கூட்டு மாத்திரை, எர்காட்டமின், சுமாட்ரிப்டான் போன்ற டிரிப்டான் வகைகளை எடுத்தாலும், அதுவே மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் மாத்திரையே தினசரித் தலைவலியை உண்டாக்கிவிடும். மாத்திரை தீர்ந்தால் வலி, வலித்தால் மாத்திரை என்ற அந்தச் சுழலிலிருந்து மருத்துவர் துணையோடுதான் வெளியேற முடியும்.

டைக்ளோபினாக், இபுப்ரூபன் போன்றவை வெறும் வயிற்றில் குடற்புண்ணை உண்டாக்கும். உடலில் நீர் வற்றிய நிலையில் அவற்றைத் தொடர்ந்து எடுத்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்துவிட்டு மாலையில் இந்த மாத்திரையைப் போடுபவருக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுகிறது.

பெண்கள் தனியாக அறிய வேண்டியது ஒன்று உண்டு. ஆராவுடன் ஒற்றைத் தலைவலி வருபவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளை எடுத்தால் பக்கவாத ஆபத்து கூடுகிறது. அரசு வழங்கும் மாலா-என் அந்த வகையைச் சேர்ந்தது. ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை, காப்பர்-டி போன்ற வேறு வழிகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. கண்முன் ஒளிக்கோடு தெரியும் தலைவலி இருப்பதைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கருவுற்றிருப்பவரும் கருவுற எண்ணுபவரும் வால்புரோயேட், டோபிரமேட், எர்காட்டமின் ஆகியவற்றை எடுக்கக் கூடாது. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் தாமாக நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் பேச வேண்டும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய தலைவலி

எல்லாத் தலைவலியும் ஒற்றைத் தலைவலி ஆகாது. கீழ்க்காணும் நிலைகளில் 108-ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

- இடி விழுந்ததுபோல் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் வலி
- காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி
- முகம் கோணுதல், கை கால் இழுத்துக்கொள்ளுதல், பேச்சுக் குழறல், வலிப்பு, நினைவு மங்குதல்
- தலையில் அடிபட்ட பிறகு வரும் வலி
- கர்ப்ப காலத்திலோ பிரசவத்துக்குப் பிறகோ புதிதாக வரும் கடும் வலி, குறிப்பாக ரத்த அழுத்தம் கூடியிருக்கும்போது

ஐம்பது வயதைத் தாண்டி முதல்முறையாகத் தலைவலி தொடங்கினாலோ, வழக்கமான வலியின் தன்மை மாறிவிட்டாலோ, புற்றுநோய் அல்லது எச்.ஐ.வி. உள்ளவருக்குப் புதிதாகத் தலைவலி வந்தாலோ அதையும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இருக்கும் சிகிச்சை

நல்ல சிகிச்சைக்குப் பெருநகரம் போக வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இந்நோய்க்கென இடம்பெற்றவை பாராசிட்டமால், இபுப்ரூபன், ஆஸ்பிரின், 2021-இல் சேர்க்கப்பட்ட சுமாட்ரிப்டான், தடுப்பு மருந்தான புரோப்ரனலால் ஆகியவையே. வலி தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் சரியான அளவில் எடுக்கும் மாத்திரை, வலி உச்சத்தைத் தொட்ட பிறகு எடுப்பதைவிட நன்றாக வேலை செய்யும். இதய நோயோ பக்கவாதமோ கண்டவர்கள் சுமாட்ரிப்டான் எடுக்கக் கூடாது.

மாதத்துக்கு நான்கு நாளோ அதற்கு மேலோ வலி முடக்கினால் தடுப்பு மருந்து பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், புளூனரிசின், டோபிரமேட் ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன. ஆஸ்துமா உள்ளவருக்குப் புரோப்ரனலால் ஆகாது. புளூனரிசின் தூக்கத்தையும் உடல் எடையையும் கூட்டும். மனச்சோர்வு உள்ளவருக்கு ஏற்றதன்று. எதுவானாலும் இரண்டு மூன்று மாதம் ஒழுங்காக எடுத்த பிறகே பலனை மதிப்பிட முடியும். ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டு 'கேட்கவில்லை' என்று முடிவுகட்டுவதுதான் பலருடைய சிகிச்சை முறிந்துபோவதற்குக் காரணம்.

முதலில் போக வேண்டிய இடம் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து சங்கரன்கோவில் அரசு மருத்துவமனை, தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனை, நரம்பியல் மருத்துவர் தேவைப்பட்டால் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று படிப்படியாகப் பரிந்துரை பெறலாம். வீட்டிலிருந்தபடியே இ-சஞ்சீவனி வழியாக அரசு மருத்துவரிடம் பேசவும், 104 எண்ணில் ஆலோசனை கேட்கவும் வழியுண்டு.

நோயாளியின் உரிமைகள்

அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சிகிச்சையும் அங்கு இருப்பில் உள்ள மருந்தும் இலவசம். மருந்து இல்லையென்று வெளியே எழுதிக்கொடுத்தால், மலிவு விலையில் வாங்க மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரி 24 அன்று தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களும் இருக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்கே உதவும். மாதாமாதம் வாங்கும் தலைவலி மாத்திரைக்கு அதை நம்பியிருக்க முடியாது.

நோயாளி தன் மருத்துவப் பதிவேட்டைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-இல் வந்த இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதி. பணம் கட்டிப் பெற்ற சிகிச்சையில் குறைபாடு இருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனைகள் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. எனவே அரசு மருத்துவமனை குறித்த முறையீட்டை 104, முதல்வரின் உதவி மையம் 1100, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் ஆகியவற்றில் எழுத்தாகக் கொடுக்க வேண்டும்.

'ஒரே வாரத்தில் ஒற்றைத் தலைவலி அடியோடு போகும்' என்ற விளம்பரங்களைக் கேள்வியின்றி நம்பக் கூடாது. மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் (ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள்) சட்டம் 1954, மூளை நோய்களையும் கோளாறுகளையும் தன் அட்டவணையில் வைத்திருக்கிறது. அவற்றைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வது குற்றம். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் செய்யலாம்.

தொழிலாளருக்கும் சில பாதுகாப்புகள் உண்டு. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெற்று இ.எஸ்.ஐ. பதிவு உள்ளவர், சந்தா நாட்கள் நிறைவாகியிருந்தால், மருத்துவர் சான்றோடு ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காட்டை நோய்க்கால உதவியாகப் பெறலாம். சிறு தொழிற்கூடங்களில் வேலை செய்பவர் முதலில் விசாரிக்க வேண்டியது தம் பெயரில் இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்பதையே. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிட்ட 21 வகைகளில் நாட்பட்ட நரம்பியல் நோய்கள் இருந்தாலும், ஒற்றைத் தலைவலி பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. மாதத்தில் பாதி நாளை இந்நோயிடம் இழப்பவரும் இதனால் சான்றிதழுக்கு வழியின்றி நிற்கிறார். கோரிக்கையாக எழுப்ப வேண்டிய குறை இது.

ஆய்வு எதைத் தந்தது, எது பாக்கி

இந்நோய்க்கென்றே உருவாக்கப்பட்ட டிரிப்டான் மருந்துகள் 1990-களின் தொடக்கத்தில்தான் வந்தன. சிஜிஆர்பி என்ற புரதக்கூறு தாக்குதலின்போது ரத்தத்தில் கூடுவதைப் பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் 1990-இல் காட்டினார்கள். அந்தப் புரதக்கூறின் வேலையைத் தடுத்துத் தாக்குதலைத் தவிர்க்கும் முதல் ஊசி மருந்தான எரினுமாப் 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்த வழியைத் திறந்ததற்காக அவ்விருவரும் மைக்கேல் மாஸ்கோவிட்ஸ், யெஸ் ஓலெசன் ஆகியோரும் 2021-இல் டென்மார்க்கின் மூளை ஆய்வுப் பரிசைப் பெற்றனர். கண்டுபிடிப்பிலிருந்து மருந்துக்கு 28 ஆண்டுகள் ஆயின. ஆய்வுக்குத் தொடர்ந்து பணம் வர வேண்டியதன் தேவை அந்த இடைவெளியிலேயே தெரிகிறது.

இந்தியாவில் 2019-இல் ஏறத்தாழ 21 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. களத்தில் எண்ணிப் பார்த்த முக்கிய முயற்சி அண்டை மாநிலமான கர்நாடகத்தில் நடந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமும், பிரிட்டனைச் சேர்ந்த 'லிஃப்டிங் தி பர்டன்' என்ற தலைவலி நலத் தொண்டு அமைப்பும் இணைந்து, பெங்களூரு நகரிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் 18 முதல் 65 வயது வரையிலான 2,329 பேரை வீடு வீடாகச் சென்று கேட்டன. 2015-இல் வெளியான முடிவின்படி, நான்கில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் ஒற்றைத் தலைவலி வந்திருந்தது. தலைவலி நோய்கள் நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம் என்பதும் தெரியவந்தது. நகரத்துப் பரபரப்பின் நோய் இது என்ற நினைப்பை அந்தக் கணக்கு உடைத்தது.

பாக்கி நிறைய இருக்கிறது. மரபணு ஆய்வு 2022-இல் இந்நோயோடு தொடர்புடைய 123 மரபணு இடங்களைக் காட்டியது. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினர். அந்த முடிவுகள் நம் மக்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை நம் மக்களிடம் ஆய்ந்தால்தான் அறிய முடியும். வெயில் வேலை, நீர் வற்றல், விரதம், சில்லறை மாத்திரைப் பழக்கம் ஆகியவற்றுக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவைக் கரிசல் போன்ற வறண்ட நிலங்களில் அளந்தாக வேண்டும். உலக சுகாதாரப் பேரவை 2022-இல் ஏற்ற நரம்பியல் நோய்களுக்கான பத்தாண்டுச் செயல்திட்டம், 2031 வரை, உறுப்பு நாடுகளிடம் இத்தகைய ஆய்வையும் கேட்கிறது.

நிதி: கொடுப்பதும் சரிபார்ப்பதும்

பிரிட்டனில் 1965 முதல் இயங்கும் மைக்ரேன் டிரஸ்ட் போன்ற அமைப்புகள் பொதுமக்களின் சிறு நன்கொடைகளைத் திரட்டி ஆய்வுக்கும் நோயாளர் உதவிக்கும் செலவிடுகின்றன. அங்கு செப்டம்பரில் ஒரு வாரமும், அமெரிக்காவில் ஜூன் மாதம் முழுவதும் விழிப்புணர்வுக்கென ஒதுக்கப்படுகின்றன. இந்தியாவில் கொடுக்க விரும்புவோருக்கும் வழிகள் உண்டு. அரசு மருத்துவமனைகளின் நோயாளர் நலச் சங்கங்கள், மருத்துவக் கல்லூரிகள், நிம்ஹான்ஸ் போன்ற பொது நிறுவனங்கள் ஆகியவற்றை அணுகி, எந்தப் பணிக்கு என்று எழுத்தில் குறிப்பிட்டுத் தரலாம். நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவுக்குள் வரும் பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். சுகாதாரமும் அரசு ஆய்வு நிறுவனங்களுக்கான உதவியும் அதன் பட்டியலில் உள்ளன. வட்டாரத்தில் இந்தப் பிரிவுக்குள் வரும் ஆலைகள் இருந்தால் மக்கள் அவற்றிடம் கேட்கலாம்.

கொடுப்பதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை:

- அமைப்பின் பதிவு எண், வரி விலக்குச் சான்று, கடந்த ஆண்டுகளின் தணிக்கை அறிக்கை
- பணம் போகும் கணக்கு அமைப்பின் பெயரில் உள்ளதா, தனி நபர் எண்ணுக்குப் போகிறதா
- ரசீதும், வரிச் சலுகைக்குரிய நன்கொடைச் சான்றும் தருவார்களா (ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிச் சலுகை கிடைக்காது)
- திரட்டிய பணம் எந்த ஆய்வுக்கு, எந்த நிறுவனத்தில் செலவாகிறது

நோயாளியின் படத்தைக் காட்டி 'இன்றே அனுப்புங்கள்' என்று அவசரப்படுத்தும் வேண்டுகோள்களில் மோசடி கலந்திருக்கலாம். பணம் போய்விட்டதென்று தெரிந்தவுடன் 1930 எண்ணை அழைத்தால் தொகையை முடக்கும் வாய்ப்பு கூடும்.

ஆய்வில் பங்கேற்பவர் பாதுகாப்பு

ஆய்வுக்குப் பணத்தைப் போலவே மனிதர்களும் தேவை. புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனைகள் விதிகள் 2019-இன்படி, பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் எல்லாவற்றையும் விளக்கி எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதியும், இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவும் கட்டாயம். பரிசோதனையால் உடலுக்குக் கேடு வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. பதிவு எண்ணைக் காட்ட மறுப்பவரிடம் ஒப்புதல் தரக் கூடாது.

ஊர் அளவில் செய்யக்கூடியவை

பெயர் எழுதப்படாத நோய்க்கு மருந்தும் நிதியும் வந்து சேர்வது கடினம். வலி வந்த தேதி, எத்தனை மணி நேரம், எடுத்த மாத்திரை, மாதவிலக்கு நாள், சாப்பிட்ட வேளை ஆகியவற்றைக் காலண்டரில் குறித்துவைத்தால் மருத்துவர் நோயை எளிதில் அறிவார். புறநோயாளிச் சீட்டில் வெறும் 'தலைவலி' என்பதற்குப் பதில் நோயின் பெயரை எழுதக் கேட்பதும் பயன் தரும்; பதிவேடு அப்போதுதான் உண்மையைச் சொல்லும். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டங்களில் மாத்திரை எண்ணிக்கை பற்றிப் பேசலாம். பள்ளியில் அடிக்கடி வாந்தியோடு தலைவலி என்று சொல்லும் பிள்ளையை நடிப்பதாகக் கருதாமல் பரிசோதனைக்கு அனுப்பலாம்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிலும் கிராம சபை கூடுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் புரோப்ரனலாலும் சுமாட்ரிப்டானும் தட்டுப்பாடின்றி இருக்க வேண்டும், மாதம் ஒரு நாள் தலைவலிக்கென மருத்துவர் நேரம் ஒதுக்க வேண்டும், வேலைத்தளங்களில் நிழலும் குடிநீரும் கழிப்பறையும் வேண்டும், ஒன்றிய அளவில் தலைவலிக் கணக்கெடுப்பு ஒன்றை மருத்துவக் கல்லூரி நடத்த வேண்டும் என்று குருவிகுளம் ஒன்றியத்தின் ஒவ்வோர் ஊராட்சியும் தீர்மானம் போடலாம். தீர்மானத்தின் நகலை வட்டார மருத்துவ அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பி, அடுத்த கூட்டத்தில் பதில் என்னவென்று கேட்க வேண்டும்.